இரண்டு ஊருக்கும் ஆகாத கோலி

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டதும், கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் பார்த்ததும்தான் என் எழுத்தும் படிப்பும். முன்னே வரவேண்டியதைப் பின்னே எழுதியிருப்பேன். ஞாபகமும் இப்போது சல்லடை மாதிரி ஆகிவிட்டது. நம் சங்கத்தில் நீங்கள் எல்லாரும் பழைய கதை பேசும்போது நான் மூலை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் வருவேன். “பேச வெக்கமா இருந்தா எழுதியாவது குடுங்கம்மா” என்று செக்ரட்டரி அம்மா சொன்னதால் எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள்தானே படிக்கப்போகிறீர்கள், கோபிக்க மாட்டீர்கள்.

இந்த வருடம் உலகக் கோப்பை நடந்த மாதத்தில் சேலையூரில் எங்கள் தெருப் பையன்கள் பட்ட பாடு உங்களுக்கும் தெரியும். பாதிப் பேர் மஞ்சள் சட்டை, பாதிப் பேர் நீலக்கோடு போட்ட சட்டை. என் தம்பி பேரனுக்கும் மாடி வீட்டுப் பையனுக்கும் இன்றுவரை பேச்சில்லை. எந்த நாட்டு ஆட்டக்காரரோ, இடிபடாமலே இடிபட்ட மாதிரி விழுந்தாராம்.

“நடிச்சான் மச்சான் அவன். ஸ்லோமோஷன்ல தெளிவா காமிச்சாங்க.”

“உன் ஆளு தட்டிவிட்டது ஸ்லோமோஷன்ல வரலையா?”

படிக்கட்டில் நின்று இப்படித் தொடங்கியதுதான். “எவனோ எங்கயோ விழுந்தா இதுங்களுக்கு என்ன வந்துச்சு?” என்று தம்பி மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பந்தாட்டத்தில் வந்த கோபம் எத்தனை காலம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். தாம்பரம் ரயிலடியைத் தாண்டினால் வயலும் பனையும்தான். எங்கள் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் பயிர் வைத்தவர்கள். சித்திரையில் ஏரி வற்றிவிடும். வண்டல் காய்ந்து அப்பளம் மாதிரி வெடித்துக் கிடக்கும். ஆம்பிளைகள் ஏர்க்கலப்பையைப் போட்டுவிட்டு மண்ணைக் கொத்திச் சமன் செய்து, அடுப்புச் சாம்பலால் கோடு போடுவார்கள். அதுதான் எங்கள் பந்தாட்ட மைதானம். மழை வரும்வரை ஏரி முழுக்கச் சத்தம். மழை வந்தால் மைதானம் தண்ணீருக்கு அடியில் போய்விடும்.

அப்பாதான் டீமுக்குக் கேப்டன். அதனால் பந்து எங்கள் வீட்டில் இருந்தது. தோல் பந்து. உள்ளே ரப்பர் பை, வாயில் செருப்பு வார் மாதிரி வார் போட்டுக் கட்டியிருக்கும். தேங்காய் எண்ணெய் தடவி, வலைப்பையில் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருப்பார்கள். ஊதுபத்தி வாசனையும் தோல் வாசனையும் எண்ணெய்ச் சிக்கும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், அதை அப்புறம் எங்கேயும் நான் முகர்ந்ததில்லை. அந்தப் பந்து எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கோல் காக்கிறவரைக் கோலி என்போம். பந்தைக் கையால் தொடும் உரிமை ஆட்டத்தில் அவருக்கு மட்டும்தானே? எங்கள் ஊர்க்காரர்கள் அதை வீடுவரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஆட்டம் உள்ள நாளில் கோலிதான் வந்து ஆணியிலிருந்து பந்தை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஏரிவரை நடக்க வேண்டும். மற்றவர்கள் பின்னால் வருவார்கள். வேறு யாராவது எடுத்துப்போனால் ஆட்டம் விளங்காது என்று நம்பினார்கள். கேப்டனான அப்பாவே தொட மாட்டார்.

அந்தக் கோலி என் மாமா. அம்மாவின் தம்பி. கை இரண்டும் முறம் மாதிரி அகலம். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார், சாப்பாடு எங்கள் வீட்டில். பந்தை எடுக்க வருகிற நாளில் அம்மா அவருக்கென்று தனியாகக் கருவாட்டுக் குழம்பு வைப்பாள்.

அந்த வருடம் கடைசி ஆட்டம் கோவளத்து மீனவர்களோடு. மணலில் ஓடிப் பழகியவர்கள், எங்கள் ஏரி மண்ணில் குதிரை மாதிரி பறப்பார்கள். அவர்களில் ஒருவரைக் கண்டால் எங்கள் ஊருக்கே ஆகாது. முன்னால் நின்று கோல் போடுகிறவர். கோல் போட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பி மீசையைத் தடவுவார், அதற்காகவே ஆகாது. எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டுவரும் மீன்காரம்மாவுக்குச் சொந்தத் தம்பி அவர். அம்மாவும் மீன்காரம்மாவும் ஒருத்தியை ஒருத்தி அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். “உன் தம்பி பெருசா, என் தம்பி பெருசா பாத்துடலாம் அக்கா” என்று மீன்காரம்மா முந்தின நாள்கூடக் கிண்டல் செய்துவிட்டுப் போனாள்.

நான் கோலுக்குப் பின்னால் மோர்ச் செம்போடு உட்கார்ந்திருந்தேன். அதனால் எல்லாமே எனக்குக் கிட்டத்தில் தெரிந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிகிற நேரம். மீசைக்காரர் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாமா கோலை விட்டு முன்னால் ஓடினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பந்துக்குப் பாய்ந்தார்கள். காய்ந்த பனைமட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மீசைக்காரர் விழுந்தார். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

பந்து உருண்டு பக்கத்தில்தான் கிடந்தது. மாமா கையை நீட்டியிருந்தால் எடுத்திருக்கலாம். ரெஃப்ரி விசில் ஊதவில்லை. ஆனால் மாமா பந்தைப் பார்க்கவே இல்லை. அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் வைத்து, ஆடாமல் பிடித்துக்கொண்டார். கோவளத்து ஆள் ஒருவர் மெதுவாக வந்து பந்தைக் கோலுக்குள் தட்டிவிட்டார்.

அந்த ஒரு கோலில் தோற்றோம்.

அன்றைக்கு ஏரிக்கரையில் எழுந்த கூச்சலை என்ன சொல்ல! கோவளத்துக்காரர்கள், மாமா வேண்டுமென்றே இடித்துக் காலை உடைத்தார் என்றார்கள். எங்கள் ஊர்க்காரர்கள், மாமா வேண்டுமென்றே கோலை விட்டுக்கொடுத்தார் என்றார்கள். ஒரே மனிதர், ஒரே நொடி. ஒரு ஊருக்குக் கொடுமைக்காரர், இன்னொரு ஊருக்குத் துரோகி.

வீட்டில் அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“எதிராளிய மடியில போட்டு தாலாட்டிகினு கீறான். இவன் கோலியா, தாதியா?”

அம்மா அரிவாள்மணையில் உட்கார்ந்தபடி, “காலு ஒடஞ்சி கெடக்கறவன புடிக்காம பந்தயா புடிப்பாங்க?” என்றாள்.

“பந்த புடிச்சிட்டு அப்பால கால புடிக்கறது! கால் எங்கயாவது ஓடிடப் போவுதா?”

“மாமா வேணும்னு இடிக்கலப்பா. நான் பாத்தேன்” என்றேன். நான் அப்பாவிடம் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“பொட்டப் புள்ளைக்கு பந்தப் பத்தி இன்னாடி தெரியும்? போய் வெளக்கேத்து” என்றார். போய் விளக்கேற்றினேன். அத்தனை பேரில் அவ்வளவு கிட்டத்தில் இருந்து பார்த்தது நான்தான். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் ஊர் கூடி, மாமா இனிமேல் சாம்பல் கோட்டுக்குள் வரக்கூடாது, பந்தைத் தொடக்கூடாது என்று முடிவு செய்தது. அதைச் சொன்னது அப்பா. பந்து இருக்கிற வீட்டுக்கு எப்படி வருவது என்று மாமா எங்கள் வாசற்படி ஏறுவதையும் விட்டுவிட்டார். தானே பொங்கிச் சாப்பிட்டார். அம்மா கிண்ணத்தில் குழம்பு கொடுத்தனுப்பினால் கிண்ணம் கழுவித் திரும்பி வரும். சாப்பிட்டாரா, மாட்டுத் தொட்டியில் ஊற்றினாரா என்று அம்மாவுக்குச் சந்தேகம். அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். “தண்ணி வெச்சிருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு.” “வெந்நீரா, பச்சத்தண்ணியான்னு உங்கம்மாவ கேளு.” அப்பா முற்றத்திலும் அம்மா அடுப்படியிலும் இருக்க, நடுவில் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

மீன்காரம்மாவும் எங்கள் தெருவுக்கு வருவதில்லை. தெருமுனைவரை வந்து, ‘மீனேய்’ என்று ஒரு குரல் வேண்டுமென்றே உரக்கக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுவாள். அப்பா மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிதர். அந்தக் குரல் கேட்கும்போது பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே கூரையைப் பார்ப்பார். கோவளத்து மீன் எங்கள் வீட்டில் நுழையக்கூடாது என்று அவர்தானே சொன்னார்.

ஏரியில் சாயங்காலம் சும்மா பந்து ஆடுவார்கள். மாமா கரைமேல் பனைமரத்தடியில் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பந்து உதைபடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கைவிரல்கள் விரிந்து மூடும். அதைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. அம்மா என்னைத் தலைகுளிப்பாட்டிப் புதுப் பாவாடை கட்டிவிட்டாள். “குன்றத்தூர் மலைக்குப் போயிட்டு வரேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு.” சொன்னேன். வெளியே வந்து குன்றத்தூர் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் பஸ் ஏறினாள். பஸ் மாறி மாறிக் கடைசியில் இறங்கியபோது காற்று உப்புக் கரித்தது. கோவளம்.

கரையில் படகு வந்து மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. செதிள் ஒட்டிய கையோடு பெண்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். “காலொடச்ச ஊர்க்காரி வந்துகினு கீறா பாருங்கடி” என்று ஒருத்தி சொன்னாள். நான் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன். மீன்காரம்மா தலை நிமிராமல் மீனைக் கூறு வைத்தாள்.

“இன்னாக்கா, இன்னொரு கால் நல்லாத்தான் கீது. அத்தையும் ஒடைக்கலாம்னு வந்தியா?”

“ஒடைக்கறதுக்கு என் தம்பி எங்கக்கா கீறான்? அவன எங்க ஊர்லயே ஒடச்சிப் போட்டுட்டாங்க” என்றாள் அம்மா.

மீன்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். கையைக் கடல் தண்ணீரில் கழுவிக்கொண்டு முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.

கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தின் மேல் மீசைக்காரர் காலை நீட்டி உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டு. மைதானத்தில் ராட்சசன் மாதிரி தெரிந்தவர், கிட்டத்தில் பார்த்தால் மாமா வயதுதான். மாமா வேண்டுமென்று இடிக்கவில்லை என்று அம்மா சொன்னாள். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வேணும்னுதான் இடிச்சாரு. நீ அக்கா மாரி, வூடு தேடி வந்துகீற. அதுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன்.”

அம்மாவின் முகம் வாடிவிட்டது. அப்போது நான், “மாமா இனிமே பந்தத் தொடக்கூடாதாம்” என்றேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

“தொடக்கூடாதா? எதுக்கு?”

“உங்க கால புடிச்சிகினு இருந்துட்டாராம். பந்த வுட்டுட்டாராம்.”

அவர் கை நின்றுவிட்டது. அவருக்கு அது தெரியாது போலிருக்கிறது. தன் காலை உடைத்ததற்காகத்தான் சேலையூர்க்காரர்கள் மாமாவைத் தள்ளிவைத்திருப்பார்கள் என்று நினைத்திருக்கலாம்.

“அப்ப வர வருசம் கோல்ல யாரு?”

“மளிகைக்கடைக்காரர் மகன்” என்றாள் அம்மா.

“அந்தக் குண்டனா?” அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “இன்னா நெனச்சிகினு கீறாங்க உங்க ஊர்ல? ஒடஞ்ச காலோட நான் வருசம் பூரா குந்திகினு இருக்கறது, குண்டனுக்குக் கோல் போடறதுக்கா? எங்கால ஒடச்சவரு நிக்கணும். அவருக்குப் போட்டாத்தான் எனக்கு அது கோலு. அவரு இல்லன்னா கோவளம் வராது. போய் சொல்லுக்கா.”

அம்மா சிரித்தாளா, அழுதாளா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை. இரண்டும்தான். கிளம்பும்போது மீன்காரம்மா ஓலைக் கொட்டானில் வஞ்சிரம் வைத்துக் கொடுத்தாள். “இது உங்க வூட்டுக்காரருக்கு இல்ல. உன் தம்பிக்கு.”

வீட்டு வாசலிலேயே அப்பா நின்றிருந்தார். மூக்கை உறிஞ்சினார்.

“குன்றத்தூர் மலையில முருகன் எப்பலருந்து மீன் விக்கறாரு?”

அத்தனை நாளுக்குப் பிறகு அம்மா அவர் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினாள். கோவளத்துச் சேதியைச் சொன்னாள். அப்பா நம்பவில்லை. “மலைக்குன்னு சொல்லிட்டு கடலுக்குப் போனவ நீ. உன் பேச்ச யாரு நம்பறது? எதிராளி எவனாவது நல்ல கோலிய கேட்டு வாங்குவானா?” என்றார். கிருத்திகையாயிற்றே என்று அம்மா மீனுக்கு உப்பும் மஞ்சளும் தடவி மூடி வைத்துவிட்டாள். மறுநாள் குழம்பு வைத்து மாமாவுக்குக் கொடுத்தனுப்பினாள். கோவளத்து மீன் என்றும், யார் கொடுத்தது என்றும் சொல்லச் சொன்னாள். அந்தக் கிண்ணம் மட்டும் நக்கித் துடைத்த மாதிரி வந்தது. அப்பாவுக்கு வைத்தது பருப்பு.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. தையில் அறுத்தார்கள். மறுபடியும் சித்திரை, மறுபடியும் சாம்பல் கோடு. மளிகைக்கடைக்காரர் மகன் கோலில் நின்றான். பாவம், நல்லவன்தான், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். முதல் ஆட்டம் மாடம்பாக்கத்தாரோடு. பந்தை எடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தவன் ஆணிக்குக் கை எட்டாமல் குதித்தான். பந்து விழுந்து உருண்டு அம்மாவின் மாவுப் பாத்திரத்துக்குள் போய்விட்டது. ஊர்வலம் மாவு பூசிய பந்தோடு போயிற்று. எத்தனை கோல் வாங்கினோம் என்று எழுதினால் எங்கள் ஊருக்கு மானக்கேடு.

அப்புறம் கோவளத்தாரை ஆட்டத்துக்குக் கூப்பிட்டு, மீன் லாரிக்காரரிடம் அப்பா சொல்லியனுப்பினார். லாரிக்காரர் திரும்பி வந்து தெருவில் அத்தனை பேர் முன்னால் சொன்னார்: “கோல்ல யாருன்னு கேட்டாங்க. சொன்னேன். அப்ப வரலன்னுட்டாங்க.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். அம்மா கதவோரம் நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவள் கெட்டிக்காரத்தனம்.

கடைசியில் அப்பா என்னைக் கூப்பிட்டார். “போய் உங்க மாமாகிட்ட சொல்லு. பந்து ஆணியிலயே கீது, வந்து எடுக்கணும்னு சொல்லு.” நான் நாலெட்டு நடந்திருப்பேன். “இரு, நானே வரேன்” என்று பின்னாலேயே வந்தார்.

மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா அவர் எதிரில் நின்று, “கோவளத்தான் உன்ன கேக்கறான்டா மச்சான்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நானும்தான்” என்றார்.

மாமா வாளியைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார், வேட்டியில் துடைத்தார், முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினார். ஒரு வருடம் ஏறாத எங்கள் வாசற்படியில் ஏறி ஆணியிலிருந்து பந்தை எடுத்தார். வலைப்பையைக் கழற்றியதும் அப்படியே முகத்தோடு வைத்துக்கொண்டார். அம்மா அடுப்படியிலிருந்து, “மொதல்ல சாப்புடு, அப்பால பந்த கொஞ்சலாம்” என்று சத்தம் போட்டாள். பந்தை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

கோவளத்தார் வந்தார்கள். மீசைக்காரர் லேசாக நொண்டினார், ஆனால் ஓடினார். மீன்காரம்மாவும் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் கரையில் உட்கார்ந்து, “எறும்பு மாரி நவுர்றாங்க பாரு உங்க ஆளுங்க” என்று வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். முடிகிற நேரத்தில் மீசைக்காரர் உடைந்து கூடிய அந்தக் காலாலேயே ஓங்கி உதைத்தார். மாமா பறந்தார். பந்து அவர் விரலில் பட்டு, கோலுக்கு நட்டிருந்த சவுக்குக் கம்பை உரசிக்கொண்டு போயிற்று. எங்கள் கோலுக்கு வலை கிடையாது. கம்புக்கு உள்ளே போயிற்றா, வெளியே போயிற்றா? கோவளம் உள்ளே என்றது. நாங்கள் வெளியே என்றோம். ரெஃப்ரி இரண்டு பக்கத்தையும் பார்த்து, விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதும், மாமாவும் மீசைக்காரரும் ஒரே செம்பில் மோர் குடித்தார்கள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரிந்தார்கள். அடுத்த வருடமும் வந்தார்கள், அதற்கடுத்த வருடமும். ஒவ்வொரு தடவையும் முதலில் பேசுவது அந்தப் பந்தைப் பற்றித்தான்.

இப்போது மாமாவும் இல்லை, அப்பாவும் இல்லை. போன மாதம் தம்பி குடும்பத்தோடு கோவளம் போயிருந்தேன். மீன் விற்கும் ஒரு பெண், எந்த ஊர் என்று கேட்டாள். சேலையூர் என்றேன். தராசைக் கீழே வைத்துவிட்டாள்.

“எங்கப்பா கால ஒடச்ச ஊரா?”

மீசையில்லை, ஆனால் அதே கண். “அதுக்கு அடுத்த வருசம் எங்கப்பா போட்ட கோலயும் இல்லன்னு சொன்ன ஊராச்சே!” என்று பக்கத்துக் கடைக்காரிகளை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் எங்கிருந்தோ தைரியம் வந்து, “கோலு இல்லம்மா அது. வெளிய போச்சு” என்றேன். “உள்ளதான் போச்சு!” என்று சிரித்துக்கொண்டே, என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்துப் பலகையில் உட்காரவைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தம்பி மனைவி கூப்பிடும்வரை நாங்கள் இருவரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

நம் சங்கத்தில் அந்தக் காலத்து ஏரி ஆட்டம் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். வருடமும் மாதமும் தப்பாக இருக்கலாம், திருத்திக்கொள்கிறேன். அந்தப் பந்து கம்புக்கு உள்ளே போனதா, வெளியே போனதா என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். உள்ளே என்று சொல்கிறவர்கள் நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.